கசங்காத வெற்றிலை

வேம்பார்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்கா பானுப்ரியாவுக்கு, ஜெயகணேஷ் எழுதுவது.

உன் நம்பருக்கு அடித்தால் அத்தான்தான் எடுக்கிறார். "ஏலே மாப்ளே, எங்கனலே இருக்க? சாப்ட்டியா?" என்று அவர் கேட்டதும் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். உங்கள் மளிகைக் கடைக்கு அனுப்பினால் அதையும் அவர்தான் பிரிப்பார் என்று இசக்கிச்செல்வி அக்காவின் தையல் கடைக்கு அனுப்புகிறேன். அவள் பிரித்துப் படிக்கமாட்டாள். படித்தாலும் படிக்கட்டுமே என்று ஒரு பக்கம் தோன்றவும் செய்கிறது.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. ஆனால் அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நடந்ததை நீயும்தானே பார்த்தாய். கடை முன்னால் தெருவே கூடி நிற்க, என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரண்ல இருந்து விழுந்தவன இவன் மட்டும் தூக்கலன்னா நான் இன்னிக்கு இல்ல" என்று சொன்னார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நீ சீனி நிறுத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாய்.

நான் அவரைத் தூக்கியது பரணுக்குக் கீழே இல்லை அக்கா. ஆத்தூரில் வெற்றிலை வாங்கிவிட்டு வரும் வழியில், உப்பளத்துக்கு நடுவே, ஒத்தப்பனை வளைவில். ஓட்டியவன் நான். பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். என் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவர் தலையில் இருக்கவேண்டிய ஹெல்மெட் அவர் மடியில் இருந்தது. நிச்சயதார்த்த வீட்டுக்குச் சொல்லி வைத்து வாங்கிய கொழுந்து வெற்றிலை கசங்கிவிடக்கூடாது என்று அதற்குள் அடுக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி சறுக்கியபோது எதையாவது பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை.

அன்றைய நாள் அவருக்குத் திரும்ப ஞாபகம் வராது என்று டாக்டர் சொன்னதும் நீ பெருமூச்சு விட்டாய். எனக்கு அப்போதே பயம் வந்தது. நாம் சொன்ன பொய்யைத்தான் அவர் இப்போது தன் ஞாபகமாக வைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் சோறு தின்ன என்னால் ஆகவில்லை.

துறைமுக வேலையில் சேரவில்லை. இங்கே ஓர் உப்புக் கம்பெனியில் லோடு பார்க்கிறேன். அத்தானுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

உன் தம்பி
ஜெயகணேஷ்


முத்தையாபுரம்
17 ஜூன் 2025

தம்பி ஜெயகணேஷுக்கு,

உன் கடிதத்தை இசக்கிச்செல்வி ஜாக்கெட் துணிக்குள் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். இந்த வயதில் எனக்கு ஒளித்துக் கடிதம் வருகிறது என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்தில் சேரவில்லையா? நீயெல்லாம் என்ன ஜென்மம்? எதற்காக நான் வாய் கூசாமல் அந்தப் பொய்யைச் சொன்னேன்? உனக்கு லைசென்ஸ் கிடையாது. எல்.எல்.ஆர். எடுத்து, அதுவும் தேதி முடிந்து கிடந்தது. கிரேன் வேலைக்கு எல்லாம் முடிந்து, துறைமுக பாஸுக்குப் போலீஸ் விசாரிப்பு மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி ஆளைக் கீழே தள்ளியவன் என்று கேஸ் விழுந்தால் உனக்கு எவன் பாஸ் கொடுப்பான்? டாக்டர் "எப்படி அடிபட்டது" என்று கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கடையில பரண்ல இருந்து விழுந்துட்டாக." அந்த நர்ஸ் அவுக முழங்கையைத் துடைத்துவிட்டு, "பரண்ல தார் ஊத்தியா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். நான் முறைத்த முறைப்பில் பேசாமல் போய்விட்டாள்.

நான் ஒருத்தி மட்டுமா சொன்னேன்? பரோட்டா மாஸ்டர் கால் ஒடிந்து கிடந்தானே, மாடிப்படியில் உருண்டேன் என்றான். பால்காரருக்குக் குளியலறையில் வழுக்கியது. நம் தெருவில் ஒருத்தரும் ரோட்டில் விழுவதில்லை. எல்லோரும் வீட்டுக்குள்தான் விழுகிறார்கள். போலீஸ், கோர்ட்டு, அலைச்சல் என்று யார் போவது?

அவுக உடம்பு பரவாயில்லை. தலைத்தையல் ஆறிவிட்டது. ஆனால் வாசனை போனது போனதுதான். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நெய் டின் வந்து இறங்கினால் என்னிடம் நீட்டி, "வாசம் நல்லாருக்கா?" என்று கேட்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எண்ணெய்க்கு விலை சொன்ன மனுசன்.

இன்னொன்று. ஏணியைக் கண்டால் அவுகளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. பரணில் இருந்த சரக்கையெல்லாம் இறக்கச் சொல்லி, ஏணியைக் கொல்லையில் போட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். நேற்றுப் பல்பு மாட்ட ஒரு முக்காலியில் ஏறினேன். "இறங்குளா, ஒரு தலை போனது போதாதா" என்று ஒரே சத்தம்.

நீ வந்து எதையும் உளறவேண்டாம். ஓடிப்போனவனுக்கு மனசாட்சி பேச உரிமை இல்லை. தினமும் அவுக எதிரில் நிற்பவள் நான்.

பானு


வேம்பார்
2 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

ஓடிப்போனவன்தான். ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் நான் இங்கே பார்ப்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் குவித்துப் போட்டு, நீரை வடியவிட்டு, அப்புறம்தான் லாரியில் ஏற்றவேண்டும். ஆர்டர் நெருக்கினால் யாரும் காத்திருப்பதில்லை. சொதசொதவென்று ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பின்பலகை இடுக்கு வழியாக அது சொட்டிக்கொண்டே போகிறது. லாரி மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் நின்று திரும்பும்போது மொத்தமாக ஊற்றும். உப்புத் தண்ணீர் மற்றத் தண்ணீர்போல் சட்டென்று காயாது. டயரில் வந்த களிமண்ணோடு சேர்ந்து வழவழவென்று படிந்து கிடக்கும். ஒத்தப்பனை வளைவிலும் உப்பளத்துப் பாதை அப்படித்தான் வந்து சேர்கிறது. அன்றைக்கு நம் வண்டி ஏன் சறுக்கியது என்று எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது. எங்கள் கங்காணியிடம் சொன்னேன். "நாம ரோட்டுக்கா சம்பளம் வாங்குதோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது என் கையில் இருக்கிற லோடை மட்டும் வடிந்த பிறகுதான் விடுகிறேன். டிரைவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

நீ ஏணியைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் ஏணிக்குப் பயப்படுகிறார் என்றால், வண்டிக்குப் பயப்படவில்லை என்றுதானே அர்த்தம்? அத்தான் மறுபடி வண்டி எடுக்கிறாரா? ஹெல்மெட் போடுகிறாரா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜெயகணேஷ்


முத்தையாபுரம்
20 ஜூலை 2025

தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பதில் பிறகு. முதலில் இதைக் கேள்.

மூன்றாவது தெரு ஜெபசுதா அக்கா மகள் டெல்பின் இருக்கிறாள் அல்லவா, இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஸ்கூட்டரில் போய்வருவாளே, அவள் போன வாரம் விழுந்துவிட்டாள். அதே ஒத்தப்பனை வளைவில். காறை எலும்பு முறிந்து, காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டதாம். தலையில் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை, யார் சொல்லியும் கேட்காமல், "ரோட்டுலதான் விழுந்தேன், போலீசக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். கட்டிலில் கிடந்தபடியே புகார் எழுதிக் கொடுத்தாள். ரோட்டில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது, அது யார் பொறுப்பு என்று கேட்டு எழுதினாளாம்.

விசாரித்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்த வளைவில் இதுவரை விபத்து நடந்ததாகப் பதிவே இல்லையாம். ரோட்டில் குற்றம் இருந்தால் மற்றவர்களும் விழுந்திருக்கவேண்டுமே என்கிறார்களாம். ஆக, அவளுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. அவள் அப்பா ஸ்கூட்டரை விற்கப் போகிறார். வேலையும் வேண்டாம், வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்.

இதோடு முடிந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். நேற்று ஜெபசுதா அக்கா கடைக்கு வந்து இதையெல்லாம் சொல்லி அழுதாள். உங்க அத்தானிடம், "அண்ணாச்சி, நீங்க வாராவாரம் ஆத்தூருக்குப் போய்வந்த ஆளு. அந்த இடம் மோசந்தான?" என்று கேட்டாள். அவுக கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொய் சொல்லக்கூடாது பாருங்க. இத்தன வருசமா போறேன், வாரேன். அந்த ரோட்டுல நான் ஒரு நாளும் விழுந்தது இல்ல" என்றார்கள்.

மனுசன் பொய் சொல்லவில்லை. அவுக அறிந்த உண்மையைத்தான் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர், "வன்னியபெருமாள் அண்ணாச்சியே சொல்லுதாக" என்று தலையாட்டினார்கள். ஜெபசுதா முகம் செத்துவிட்டது. நான் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். எடைக்கல்லை வைக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன். "போதும் பானு" என்று அவளே சொன்னாள்.

பதிவே இல்லை என்று அவர்கள் சொல்வது நம்மால்தானே.

பானு


வேம்பார்
27 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நான் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் போகக்கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

எழுதிக் கொடுப்பதானால் முழுசாகத்தான் எழுதிக் கொடுப்பேன். உப்புத் தண்ணீர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனாக ஒதுங்கமாட்டேன். அந்த இடம் ஈரமாகக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். வாராவாரம் பார்ப்பதுதானே. அத்தான் பின்னாலிருந்து, "மெல்லப் போ மாப்ளே, வெத்தல குலுங்குது" என்றார். முன்னால் டவுன் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. வளைவு தாண்டட்டும் என்று பொறுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? வளைவிலேயே பஸ்ஸை முந்தினேன். அத்தானை ஹெல்மெட்டைப் போடச் சொல்லியிருக்கலாம். வண்டியை ஓட்டுகிறவன் சொன்னால் அவர் கேட்டிருப்பார். வெற்றிலை வைக்க நல்ல இடம் கண்டுபிடித்தீர்கள் என்று சிரித்தேன்.

டெல்பின் மெதுவாகப் போயிருப்பாள், ஹெல்மெட் போட்டிருந்தாள், விழுந்ததும் சொல்லவும் செய்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவள் வீட்டில் கிடக்கிறாள். எல்லாவற்றையும் தப்பாகச் செய்த எனக்கு முதுகில் தட்டு. இது எனக்குச் சரியாகப்படவில்லை.

பாஸ் போனால் போகட்டும். அத்தானிடம் முதலில் நீ சொல்வதுதான் முறை. போலீஸ்காரர் வந்து கடையில் கேட்டு அவர் தெரிந்துகொள்ளக்கூடாது.

ஜெயகணேஷ்


முத்தையாபுரம்
2 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

உனக்கு எல்லாம் லேசாக இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போவாய், எழுதிக் கொடுப்பாய், பாரம் இறங்கிவிடும். என்னை நினைத்தாயா?

உன் பாஸுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய். முதல் நாள் அப்படித்தான். மறுநாள் காலையிலிருந்து அது இல்லை. உனக்கே தெரியும். நான்தான் டாக்டரிடம் பரண் என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். பயத்தில், ஆள் உயரந்தான் இருக்கும் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர் தையல் போட்டு வார்டில் படுக்கவைத்தார். அவுக விடிகாலையில் வாந்தி எடுத்து, பேச்சுக் குழறின பிறகுதான் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். வண்டியில் வேகமாகப் போய் ரோட்டில் தலை அடித்தது என்று சொல்லியிருந்தால் வந்த உடனே எடுத்திருப்பார்கள். வாசனை திரும்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது. "ஏன் சொல்லல?" என்று அவுக கேட்டால் நான் என்ன சொல்ல? என் தம்பிக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று உங்கள் தலையைப் பணயம் வைத்தேன் என்றா?

நீ அன்று கேட்டதற்குப் பதில். வண்டி எடுக்கிறார்கள். இதுவரை தெருமுனை வரைக்கும்தான். ஆனால் கோயில் ஆடிக் கொடை நெருங்கிவிட்டது, வெற்றிலை கேட்டு ஆள் வந்தபடி இருக்கிறது. ஆத்தூர்க்காரர் பஸ்ஸில் போட்டு அனுப்புகிற வெற்றிலைக் கட்டுக்குள் பாதி பழுத்த இலை. போன கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம், "எல்லாத்துக்கும் ஒன் மூக்கக் கேக்க வேண்டியிருக்கு. வெத்தலைக்கு மூக்கு வேண்டாம், வெரலு போதும். அத நானே போய்ப் பாத்து வாங்கிக்கிடுதேன்" என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிச்சி. வண்டியைச் சர்வீசுக்கு விட்டு எடுத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை போகிறார்கள்.

போகாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? காரணம் கேட்பார்களே.

பானு


வேம்பார்
5 ஆகஸ்ட் 2025

அக்கா,

காரணம் கேட்டால் காரணத்தைச் சொல். வேறு வழியில்லை.

அவர் உன்மேல் கோபப்படுவார் என்று பயப்படுகிறாய். படட்டும். கோபப்பட ஆள் இருக்கவேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் என்மேல் போட்டுச் சொல், ஸ்கேன் விஷயத்தைக்கூட. நான் மறுக்கமாட்டேன்.

இது உன் கைக்கு வியாழக்கிழமை வந்து சேரும். சேரவேண்டும்.

ஜெயகணேஷ்


முத்தையாபுரம்
9 ஆகஸ்ட் 2025

தம்பி ஜெயகணேஷுக்கு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை முழுவதும் உன் கடிதம் என் இடுப்பில்தான் இருந்தது. வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவுக குளித்து, திருநீறு பூசி, வண்டியைத் துடைத்து வெளியே எடுத்துவிட்டார்கள். ஹெல்மெட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இதைப் போட்டுக்கொண்டு போனால் போதும், மற்றதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று என் சின்னப் புத்திக்குத் தோன்றியது. அவுக வாங்கி, அதைத் தலைகீழாகத் திருப்பி, உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். "நல்லதாப் போச்சுளா. கொழுந்து வெத்தல வச்சா கசங்காம வரும்" என்று சொல்லி டேங்க்மேல் மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள்.

அதே வார்த்தை, அதே மனுசன். முந்தி ஒரு தடவை அப்படிச் செய்தது அவுகளுக்குத் தெரியாதே, மறுபடி செய்யத்தானே செய்வார்கள்?

"நீங்க பரண்ல இருந்து விழல" என்றேன்.

வண்டியை அணைத்தார்கள். "பெறகு?" என்றார்கள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வளைவைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், லோடு ஆட்டோவில் நீ அவுக தலையை உன் சட்டையால் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். டாக்டரிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும், அதனால் ஸ்கேன் தள்ளிப்போனதையும் சொன்னேன். அதை உன்மேல் போடவில்லை. அது என்னுடையது. இடையில் ஒரு பையன் பிஸ்கட் கேட்டு வந்தான், அவனை விரட்டிவிட்டேன்.

அவுக வண்டியை ஸ்டாண்டில் போட்டார்கள். கடைப் படியில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள். "அந்த வெத்தல என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

"ஒரு எலை கசங்கல. மறுநாள் நிச்சயதார்த்த வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

நிஜந்தான். நீ ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்திருந்த ஹெல்மெட்டிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். புருஷன் வார்டில் கிடக்க, சொன்ன சரக்கு போகவேண்டுமே என்று நினைத்தவள் நான். கடைக்காரன் பெண்டாட்டி.

அவுக சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. "இத்தன மாசமா ஏணியப் பாத்துல்லா பயந்துக்கிட்டுக் கெடந்தேன். ஒரு மனுசன் எதுக்குப் பயப்படணும்னுகூடவா நீங்க ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணுவிய?" என்றார்கள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

பிறகு சட்டென்று எழுந்தார்கள். "ஜெபசுதாகிட்ட நான் என்ன சொல்லித் தொலைச்சேன்?" என்று கேட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் மூன்றாவது தெருவுக்கு நடந்தார்கள். ஆத்தூருக்குப் போகவில்லை. என்னோடு அதற்குப் பிறகு பேசவும் இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நீ வா. ஸ்டேஷனுக்குப் போ. பஸ்ஸில் வா.

அக்கா


வேம்பார்
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

அன்று ஸ்டேஷனிலிருந்து அப்படியே வேம்பாருக்குத் திரும்பிவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். வீட்டுக்கு வரத் தைரியம் வரவில்லை. அத்தானும் வா என்று சொல்லவில்லை.

உள்ளே நடந்ததை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று எழுதுகிறேன். எஸ்.ஐ. அம்மா நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஏன் இத்தனை மாதம் கழித்து என்றார். பயம் என்றேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு நடவடிக்கை உண்டு என்றார். தெரியும் என்றேன். நான் சொன்னதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேரே மேஜைக்கு முன்னால் போய், "விழுந்த ஆளு நான். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா விழுந்தது நான்தான், எழுதிக்கிடுங்க" என்றார். எஸ்.ஐ. அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஞாபகமில்லாதவரிடம் வாக்குமூலம் வாங்கமுடியாது என்றார். அப்படியானால் இதைப் பாருங்கள் என்று முழங்கைத் தழும்பைக் காட்டினார். தோலுக்குள் இன்னும் கறுப்பாகத் தார் இருக்கிறது.

அவருக்குப் பின்னால் பரோட்டா மாஸ்டர் நின்றார். பால்காரரும் வந்திருந்தார். அத்தான்தான் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தாராம். மாடிப்படியும் குளியலறையும் எல்லாம் அந்த வளைவுதான் அக்கா. இவ்வளவு பேர் ஓர் இடத்தில் விழுந்து, ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொள்ளாமலே ஒரே தெருவில் இருந்திருக்கிறோம்.

வெளியே டெல்பின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். கையைத் துணியால் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டியிருந்தாள். நான் போய் நின்றேன். "நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் சொல்லவில்லை. பிறகு ஆட்டோக்காரரைப் போகச் சொன்னாள். அந்தப் பாதி வாக்கியம் என்னோடு வேம்பாருக்கு வந்துவிட்டது. போகாது என்றுதான் நினைக்கிறேன்.

துறைமுக பாஸ் பற்றி விசாரித்தேன். இனிமேல் கஷ்டம் என்றார்கள். லைசென்ஸுக்கு முறைப்படி திரும்ப விண்ணப்பித்திருக்கிறேன். அத்தானிடம் என் பெயரை எடுக்கவேண்டாம். அவராக எடுத்தால் எழுது.

ஜெயகணேஷ்


முத்தையாபுரம்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். இனிமேல் இசக்கிச்செல்விக்குத் தபால் வேலை இல்லை. அவளுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் வந்து வளைவில் அளந்து பார்த்தார்கள். ஒரு தகரப் போர்டு வைத்திருக்கிறார்கள், சறுக்கும் என்று எழுதி. உப்பு லாரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார்களாம். அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியாது. ஆனால் டெல்பின் பேரில் போட்ட குற்றம் நிற்கவில்லை. அவள் அப்பா ஸ்கூட்டரை விற்கவில்லை. கால் ஊன்றினதும் வேலைக்குப் போவாள் என்று ஜெபசுதா சொன்னாள். என்னிடம் சொன்னாள் என்பது பெரிது. கொஞ்ச நாள் வேறு கடையில்தான் சாமான் வாங்கினாள்.

உங்க அத்தான் இன்னும் என்னிடம் பழையபடி இல்லை. நானும் அவசரப்படவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், அந்த டாக்டரிடம் என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். முதல் நாளே ஸ்கேன் எடுத்திருந்தாலும் மூக்கு திரும்பியிருக்குமா என்று நானே கேட்டேன். சொல்லமுடியாது என்றார் டாக்டர். அதை வைத்துக்கொண்டுதான் இனிமேல் இருக்கவேண்டும். தாரைப் பற்றிக் கேட்ட அந்த நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் தலையைக் குனியவில்லை.

திங்கட்கிழமை அவுக கொல்லைக்குப் போய்ச் சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு, ஏணியைத் தூக்கி வந்து சாத்தி, பரணில் ஏறினார்கள். மேலேயிருந்து, "ஒன் தம்பி எப்ப வாரான்? இந்தச் சாக்க ஒத்தையாளா எப்படி ஏத்த?" என்று கேட்டார்கள். உன் பெயரை எடுத்தால் எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன். லைசென்ஸை வாங்கிக்கொண்டு வா. அதுவரைக்கும் பஸ்தான்.

வெள்ளிக்கிழமை ஆத்தூருக்குப் போய்வந்தார்கள். ஹெல்மெட் தலையில் இருந்தது. வார் மாட்டினதை நான் இழுத்துப் பார்த்தேன். வெற்றிலையை ஈரச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்ததும் கட்டைப் பிரித்து விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். நான் நல்ல இலையாகத் தேடாமல் மேலே கிடந்ததை எடுத்து, சுண்ணாம்பு தடவி, அவுகளுக்கு ஒன்று மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வாரம் வெற்றிலை கசங்கித்தான் வந்தது.

உன் அக்கா
பானுப்ரியா